ஆற்றின் வில்லங்கம்

ஒரு கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டை உங்கள் கையில் கொடுத்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? லாபம் எவ்வளவு, கடன் எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்றுதானே? நான் பி.காம். படித்தபோது எங்களுக்கு அக்கவுண்டன்ஸி எடுத்த பேராசிரியர் முதல் வகுப்பிலேயே இதைக் கேட்டார். ஆளாளுக்கு ஒன்று சொன்னோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தலைப்புக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைத் தட்டிக் காட்டினார். 'மார்ச் 31 அன்று உள்ளபடி.'

"இந்த வரியைப் படிக்காதவன் மத்ததை எல்லாம் படிச்சும் பிரயோஜனம் இல்லை. மார்ச் 31-ம் தேதி ராத்திரி இந்தக் கம்பெனி எப்படி இருந்துச்சுன்னுதான் இது சொல்லும். ஏப்ரல் 1-ம் தேதி முதலாளி கல்லாவை வழிச்சுக்கிட்டு ஓடியிருந்தா, அது இதுல வராது" என்றார்.

அவர் சொன்னது கணக்குப் புத்தகத்தைப் பற்றி. ஆனால், அந்தப் பாடம் எனக்கு அதிகம் உதவியது மேப் பார்க்கும்போதுதான். அதிலும் ஆறு ஓடுகிற மேப்.

பத்தாம் வகுப்பில் இந்திய மேப்பில் கங்கையையும் பிரம்மபுத்திராவையும் நீல பென்சிலால் வரைந்து மார்க் வாங்கியவர்கள் நாம் எல்லோரும். அந்த நீலக் கோடு அங்கே ஆதிகாலம் முதல் இருப்பதாகவும், இனி எப்போதும் அங்கேயே இருக்கும் என்பதாகவும்தான் மனசில் பதிந்திருக்கிறது. மலை நகராது, சரி. ஆறு? 'ஓடுவது' என்று பெயர் வைத்துவிட்டு, அது ஒரே இடத்தில் இருக்கும் என்று எப்படி நம்பினோம் என்று தெரியவில்லை.

சில வருடங்களுக்கு முன் கொல்கத்தா போயிருந்தபோது, காலேஜ் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடை ஒன்றில் சுருட்டி வைத்திருந்த ஒரு மேப்பின் நகலை வாங்கினேன். மூலம், 1779-ல் முதல் பதிப்பு கண்ட 'பெங்கால் அட்லஸ்'. வரைந்தவர் ஜேம்ஸ் ரென்னல். ஹோட்டல் அறைக் கட்டிலில் அதை விரித்து, பக்கத்தில் இன்றைய மேப்பையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விடிய விடியத் தூக்கம் வரவில்லை.

ரென்னலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1742-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். மீசை முளைக்கும் முன்பே கப்பலேறியவர். அவர் இந்தியாவுக்கு அறிமுகமானது நம் பக்கத்தில்தான். 1760-61ல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது, கடற்படையில் அவரும் ஒரு பொடியன். 1763-ல் மதராஸில் வைத்துக் கடற்படைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கம்பெனி வேலைக்கு வந்தார். அடுத்த வருடமே வங்காளத்தில் நில அளவை வேலை. வயது 21.

கம்பெனி அவருக்குக் கொடுத்த முதல் வேலை என்ன தெரியுமா? கங்கையிலிருந்து கல்கத்தாவுக்குக் கோடையிலும் பெரிய படகுகள் போய்வருவதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடி என்பது. சரக்கு போக வழி வேண்டும், அதற்கு மேப் வேண்டும். உலகத்தில் பாதி மேப்புகள் பிறந்த கதை இதுதான்.

திசைகாட்டியும் சங்கிலியுமாகப் படகிலும் நடையிலும் அளந்துகொண்டே போனார். 1766-ல் கூச் பிஹார் பக்கம் ஒரு சந்நியாசிப் படையிடம் மாட்டி, வாள் வெட்டில் சாகப் பிழைத்தார். படகில் போட்டு, நாள் கணக்கில் பயணம் செய்து டாக்கா போன பிறகுதான் வைத்தியம். அந்தக் காயத்திலிருந்து அவர் முழுசாக மீளவே இல்லை. ஆனாலும் வேலையை விடவில்லை. 1767-ல் அவரை வங்காளத்தின் சர்வேயர் ஜெனரல் ஆக்கினார்கள். இன்றைய 'சர்வே ஆஃப் இந்தியா' தன் பிறந்த வருடமாகச் சொல்வது அந்த 1767-ஐத்தான். 1777-ல் ஊருக்குத் திரும்பி, லண்டனில் உட்கார்ந்து அட்லஸ் போட்டார்.

இனி அந்த மேப்புக்கு வருவோம்.

இன்றைய மேப்பில் பிரம்மபுத்திரா அஸ்ஸாமை விட்டு வங்கதேசத்துக்குள் நுழைந்ததும் நேராகத் தெற்கே இறங்குகிறது. அங்கே அதற்குப் பெயர் ஜமுனா. அப்படியே போய்க் கங்கையோடு கலக்கிறது. ரென்னலின் மேப்பில் இந்தக் கதையே கிடையாது. அதில் பிரம்மபுத்திரா தென்கிழக்கே வளைந்து, மைமன்சிங் வழியாகப் போய், மேக்னா நதியில் சேர்கிறது. ஜமுனா இருக்க வேண்டிய இடத்தில் ஜெனாய் என்று ஒரு சின்ன ஆறு. அவ்வளவுதான்.

தீஸ்தா இன்னும் மோசம். இன்று அது பிரம்மபுத்திராவில் போய் விழுகிறது. ரென்னலின் மேப்பில் பல கிளைகளாகப் பிரிந்து தெற்கே கங்கையை நோக்கிப் போகிறது.

அவர் தப்பாக வரைந்துவிட்டாரா? இல்லை. 1787-ல் ஒரு பெருவெள்ளம். தீஸ்தா பழைய வழியை உதறிவிட்டுக் கிழக்கே திரும்பி, பிரம்மபுத்திராவோடு ஒட்டிக்கொண்டது. அட்லஸ் வந்து எட்டே வருடம். பிறகு பிரம்மபுத்திராவும் கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே ஒதுங்கியது. ஏறத்தாழ 1830-க்குள் அந்தச் சின்ன ஜெனாய் ஆற்றின் தடத்தில் ஆசியாவின் மிகப் பெரிய ஆறுகளில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ரென்னல் செத்ததும் அதே 1830-ல்தான். 1998-ல் வங்கதேசம் அந்த ஜமுனாவின் குறுக்கே ஒரு பாலம் திறந்தது. நீளம் 4.8 கிலோமீட்டர். ரென்னலிடம் போய், "ஐயா, இந்த இடத்தில் நாலே முக்கால் கிலோமீட்டருக்குப் பாலம் கட்டப்போகிறோம்" என்று சொல்லியிருந்தால், நமக்கு வைத்தியம் பார்க்கச் சொல்லியிருப்பார்.

பழைய தடம் என்ன ஆனது? மைமன்சிங் பக்கம் போனால் 'பழைய பிரம்மபுத்திரா' என்றே பெயர் சொல்லி, இளைத்துப்போய் ஓடுகிற ஓர் ஆற்றைக் காட்டுவார்கள். தீஸ்தா விட்டுவிட்டுப் போன தடங்களில் ஒன்றுக்கு 'புரி தீஸ்தா', அதாவது 'கிழட்டு தீஸ்தா' என்று பெயர். மேப்பில் மாறினாலும் ஊர் வாயில் ஆறு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ரென்னலுக்கு இது தெரியாததல்ல. 1781-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்காகக் கங்கையையும் பிரம்மபுத்திராவையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தான் வங்காளத்தில் இருந்த 11 வருடங்களுக்குள் ஜலங்கி என்ற கிளை ஆறு கங்கையிலிருந்து பிரியும் இடம் முக்கால் மைல் நகர்ந்துவிட்டது என்று அதில் சொல்கிறார். பீகாரின் கோசி ஆறு ஒரு காலத்தில் பூர்ணியா ஊர் வழியாக ஓடியது, இப்போது அது கங்கையில் சேரும் இடம் 45 மைல் மேலே போய்விட்டது என்றும் எழுதுகிறார். அதாவது, மேப் போட்ட மனுஷனே, "சார், இது நான் அளந்த தேதிக்கு உள்ளபடி" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

ஆறு ஏன் நகர்கிறது? பஸ் வளைவில் திரும்பும்போது நாம் எந்தப் பக்கம் சாய்கிறோம்? வெளிப்பக்கம். ஆற்றுத் தண்ணீரும் அப்படித்தான். வளைவின் வெளிக்கரையில் மோதி அரிக்கும். உட்கரையில் வேகம் குறைவு, அங்கே மணலைப் போடும். ஒரு கரை கரைந்துகொண்டே போக, எதிர்க்கரை வளர்ந்துகொண்டே வரும். இது நிதானமான நகர்வு. கோசி மாதிரி ஆறுகள் செய்வது வேறு. இமயமலையிலிருந்து ஏராளமான மண்ணைச் சுமந்துகொண்டு வேகமாக இறங்கி வருகிறது. சமவெளிக்கு வந்ததும் வேகம் போய்விடுகிறது. சுமையை அங்கேயே கொட்டுகிறது. தான் போக வேண்டிய ரோட்டிலேயே லோடைக் கொட்டிவிட்ட லாரி மாதிரி. படுகை மேடாகிறது. பக்கத்து நிலம் பள்ளம். ஒரு பெரிய வெள்ளம் வந்தால் போதும், மேட்டை விட்டுப் பள்ளத்துக்குக் குதித்துவிடும்.

இப்படி நிலத்தைத் தின்றும் கொடுத்தும் ஓடுகிற ஆறு, பணம் வசூலிப்பவருக்குப் பெரிய தலைவலி. வங்காளத்துக் கம்பெனி அரசு இதற்காகவே 1825-ல் ஒரு சட்டம் போட்டது. ஆறு கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து சேர்த்த நிலம் பக்கத்து நிலக்காரருக்குச் சொந்தம். ஆறு திடீரென்று எகிறிக் குதித்து இடம் மாறினால், நிலம் பழைய உடைமைக்காரருக்கே. 1847-ல் இன்னொரு சட்டம். ஒருமுறை அளந்து பத்து வருடம் ஆகிவிட்டால், ஆற்றோர நிலத்தை அரசு புதிதாக அளந்து மேப் போடலாம். புதிதாக முளைத்த நிலத்துக்கு வரி போட வேண்டுமே! ஆற்றின் மேப்புக்குக் காலாவதித் தேதி உண்டு என்பது பணம் வாங்குகிறவனுக்குத் தெரிந்திருக்கிறது. குடியிருக்கிறவனுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

சொல்லாததன் விலை என்ன என்பதைக் கோசியில் பார்க்கலாம்.

18-ம் நூற்றாண்டிலிருந்து 20-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கோசி மேற்கு நோக்கி 100 கிலோமீட்டருக்கும் மேல் நகர்ந்திருக்கிறது. திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே உள்ள தூரத்தைப் போல இரண்டு மடங்கு. போகிற வழியில் விட்டுச் சென்ற தடங்களை அங்கே 'மரா தார்' என்கிறார்கள். செத்த ஆறு என்று அர்த்தம். 1954-ல் இந்தியாவும் நேபாளமும் ஒப்பந்தம் போட்டன. ஆற்றின் இரண்டு பக்கமும் நீள நீளமாகக் கரை எழுப்பினார்கள். பீம்நகருக்குப் பக்கத்தில் 56 மதகுகளோடு ஒரு தடுப்பணையும் வந்தது. அலைந்து திரிந்த ஆற்றை இழுத்துப் பிடித்துக் கட்டிப் போட்டாயிற்று. அதற்குப் பிறகு வந்த மேப்பில் கோசி சமர்த்தாக இரண்டு கரைகளுக்கு நடுவே ஒரு நீலப் பட்டை.

கரைக்கு வெளியே இருந்தவர்கள் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். நியாயம்தானே? செத்த ஆறுகளின் மேல் வயல் வந்தது, வீடு வந்தது, ரோடு வந்தது. அந்த ஊர்களில் ஒரு தலைமுறை வெள்ளம் என்றால் என்ன என்றே தெரியாமல் வளர்ந்தது. ஆனால், தண்ணீரைக் கட்டிப் போட்டவர்களால் மண்ணைக் கட்டிப் போட முடியவில்லை. முன்பு ஜில்லா ஜில்லாவாகப் பரவிய வண்டல் முழுக்க இரண்டு கரைகளுக்குள்ளேயே படிந்தது. ஆறு வெளியே உள்ள ஊர்களைவிட உயரத்துக்குப் போய்விட்டது.

2008 ஆகஸ்ட் 18. நேபாளத்தில் குஸஹா என்ற இடத்தில் கிழக்குக் கரை உடைந்தது. அன்று ஆற்றில் வந்த தண்ணீர் சுமார் ஒன்றரை லட்சம் கனஅடி. கரையோ ஒன்பது லட்சம் கனஅடி தாங்கும் என்று கட்டியது. பெருவெள்ளத்தில் உடையவில்லை, சாதாரண வெள்ளத்திலேயே உடைந்தது. ஆறு கிழக்கே திரும்பியது. சுபௌல், மாதேபுரா, அராரியா, சஹர்ஸா, பூர்ணியா மாவட்டங்களில் 30 லட்சம் பேருக்கும் மேல் சிக்கிக்கொண்டார்கள். வருஷா வருஷம் வெள்ளம் வரும் ஊரில் ஆளுக்கொரு படகு இருக்கும். வெள்ளமே வராது என்று நம்பிய ஊர்களில் படகு ஏது? கூரை மேல் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

'கோசி திசை மாறியது' என்று பத்திரிகைகள் எழுதின. திசை மாறியது என்றால் ஏதோ ஆறு புத்தி பேதலித்துப் புது ஊருக்குள் புகுந்துவிட்ட மாதிரி இருக்கிறது. ரென்னலின் காலத்து மேப்பைத் தெரிந்தவர்களுக்கு அது பூர்ணியா பக்கத்துப் பழைய விலாசம். 2009 தொடக்கத்தில் உடைப்பை அடைத்து, மறுபடி இழுத்துக்கொண்டு போய் விட்டார்கள். 2024 செப்டம்பர் கடைசியில் 56 மதகுகளையும் திறந்து 6.61 லட்சம் கனஅடி விட வேண்டி வந்தது. ஐம்பது வருடங்களுக்கு மேலாக இல்லாத அளவு அது. கரைகள் சில இடங்களில் உடைந்தன.

வெளியே இருந்தவர்கள் கதை இது. உள்ளே இருப்பவர்கள்? இரண்டு கரைகளுக்கு நடுவே நூற்றுக்கணக்கான கிராமங்கள் மாட்டிக்கொண்டன. கோசி கரைக்குள்ளேயே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டுகொண்டிருக்கிறது. ரெக்கார்டில் நிலம் இருக்கும். நேரில் போய்ப் பார்த்தால் அதன் மேல் ஆறு ஓடும். தண்ணீருக்கு அடியில் இருக்கும் நிலத்துக்கு வரி கட்டச் சொல்கிறார்களே என்று அந்த மக்கள் பல வருடங்களாக முறையிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கணக்கில் சொத்து, கையில் சூனியம். இப்படி ஒரு பேலன்ஸ் ஷீட்டை எங்கள் பேராசிரியரிடம் நீட்டியிருந்தால், ஆடிட்டர் யாருப்பா என்று கேட்டிருப்பார்.

எல்லாத் தேதிகளையும் ஒரே தாளில் போட்டுவிட்டால் என்ன? அப்படியும் ஒருவர் செய்திருக்கிறார். அமெரிக்க ராணுவப் பொறியாளர்களுக்காக ஹரால்டு ஃபிஸ்க் என்ற நிலவியல் நிபுணர் 1944-ல் மிஸிஸிபி ஆற்றுக்குப் போட்ட மேப்புகள் அவை. விமானத்திலிருந்து எடுத்த படங்களையும், ஆயிரக்கணக்கான இடங்களில் துளையிட்டு எடுத்த மண்ணையும் வைத்து, ஆறு எந்தெந்தக் காலத்தில் எங்கெங்கே ஓடியது என்று கண்டுபிடித்து, ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு நிறம் கொடுத்தார். பார்த்தால் பட்டு நூல்கண்டைப் பூனை கலைத்துப் போட்ட மாதிரி இருக்கும். இன்றைக்கு அதை ஃப்ரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், அவர் அதை அழகுக்காகப் போடவில்லை. 'இந்த நிறம் முழுக்க ஆற்றின் இடம், ஞாபகம் இருக்கட்டும்' என்பதுதான் அந்த மேப்பின் செய்தி.

"அதெல்லாம் வடக்கே, வெளிநாட்டில். நம்ம காவேரி அப்படியேதானே ஓடுது?" என்று நீங்கள் கேட்கலாம்.

ஓடவில்லை, ஓட வைத்திருக்கிறார்கள். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவேரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, சரிவும் அதிகம். 19-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் தண்ணீர் முழுக்கக் கொள்ளிடத்துக்கே போக ஆரம்பித்துவிட்டது. காவேரி மணல் மேடாகிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டிருந்தால் தஞ்சாவூர் மேப்பில் காவேரி இன்னொரு 'கிழட்டு தீஸ்தா' ஆகியிருக்கும். 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டி, தண்ணீரைக் காவேரிப் பக்கம் திருப்பினார். அன்றிலிருந்து நம் மேப்பில் காவேரி 'மாறாமல்' இருக்கிறது. 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி அந்த அணையின் ஒன்பது மதகுகள் உடைந்து போனபோது, பாறாங்கல்லும் மணல் மூட்டையுமாக ஓடினோமே, ஞாபகம் இருக்கிறதா? மேப்பில் ஒரு கோடு மாறாமல் இருக்க, அங்கே இத்தனை வேலை நடக்கிறது. கோட்டைப் பார்க்கிறவர்களுக்கு அது தெரிவதில்லை.

இப்போது உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். சர்வே ஆஃப் இந்தியாவின் இணையதளத்தில் உங்கள் ஊர் டோப்போ ஷீட் கிடைக்கும். 1:50,000 அளவு, அதாவது இரண்டு சென்டிமீட்டர் என்பது ஒரு கிலோமீட்டர். ஒரு காலத்தில் கடலோர ஊர்களின் ஷீட்டை வாங்க ஆயிரத்தெட்டு அனுமதி வேண்டும். இப்போது பதிவு செய்துகொண்டால் இலவசமாகவே எடுக்கலாம். இன்னும் பழசு வேண்டுமென்றால், 1950-களில் அமெரிக்க ராணுவம் அச்சடித்த இந்திய மேப்புகளை டெக்ஸாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. நம் ஊர் ஏரியைப் பார்க்க டெக்ஸாஸ் வழியாகப் போக வேண்டியிருக்கிறது, என்ன செய்ய!

ஷீட்டை எடுத்ததும் முதலில் ஓரத்தைப் பாருங்கள். எந்த வருடம் அளந்தது என்று போட்டிருக்கும். அதுதான் நம் 'மார்ச் 31'. அப்புறம் உள்ளே வாருங்கள். தண்ணீர் இருக்கும் ஓடை நீலம். காய்ந்த ஓடை கறுப்பு. இந்தக் கறுப்புக் கோட்டைத்தான் எல்லோரும் ரோடு என்றோ, வேலி என்றோ நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஏரிக்கரை, ஆற்றங்கரை பக்கத்தில் ஓர் எண்ணும் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தும் இருந்தால், அந்தக் கரை பக்கத்து நிலத்தைவிட அத்தனை மீட்டர் உயரம் என்று அர்த்தம். கரை உயரம் என்றால் நீங்கள் நிற்கும் இடம் பள்ளம். இதைவிடத் தெளிவாக ஒரு மேப் பேச முடியாது.

என் நண்பர் ஒருவர் ரிட்டையர்மென்ட் பணத்தில் மனை வாங்கக் கிளம்பினார். வட மாவட்டம் ஒன்றில் ஆற்றங்கரைக் கிராமம். வாசலில் பெரிய ஆர்ச், 'ரிவர் வியூ' என்று போர்டு. வியூவில் ரிவர் இல்லை, மணல்கூட இல்லை, சீமைக் கருவேலம்தான் இருந்தது. பத்திரங்களைக் கொண்டுவந்து என் மேஜை மேல் அடுக்கினார். தாய்ப்பத்திரம், பட்டா, புலப்படம், லேஅவுட் அப்ரூவல், 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்றிதழ். "எல்லாம் க்ளீன். லாயர்கிட்ட ஒபீனியனும் வாங்கியாச்சு. நீயும் ஒரு பார்வை பார்த்துடு" என்றார்.

பத்திரங்கள் உண்மையிலேயே க்ளீன். நான் 1970-களில் அளந்த பழைய ஷீட் ஒன்றை எடுத்து விரித்தேன். அவருடைய மனைக்கு நடுவே ஒரு மெல்லிய கறுப்புக் கோடு போனது. மேலே ஓர் ஏரியில் ஆரம்பித்து ஆற்றில் முடியும் கோடு. புதிய ஷீட்டில் அந்தக் கோடு இல்லை.

"ஐம்பது வருஷத்துக்கு முந்தின மேப்பை வெச்சுக்கிட்டு பயமுறுத்தாதே. இப்ப அங்க ஒண்ணுமே இல்லை, நான் நேர்ல பார்த்தேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் நேரில் போனோம். அவர் சொன்னது சரி. தரை சமமாக, செம்மண் கொட்டி, கல் நட்டு, சுத்தமாக இருந்தது. ஆனால், மனைக்கு முன்னால் போகும் தார் ரோட்டில் ஒரு சின்னப் பாலம். இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர், அடியில் இரண்டு சிமென்ட் குழாய். குழாயின் அந்தப் பக்கமும் தரை, இந்தப் பக்கமும் தரை. சும்மா நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் போகாத இடத்தில் எவனாவது பாலம் கட்டுவானா?

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் விசாரித்தோம். "இதுவாங்க? ஏரி ரொம்புனா கலங்கத் தண்ணி போற கால்வாய்ங்க. ஏரி ரொம்பி வருஷமாச்சு. அதான் மூடிட்டாங்க" என்றார்.

"மறுபடி ரொம்பினா?" என்று கேட்டார் நண்பர்.

பெரியவர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "ரொம்புனா போவும்ங்க" என்றார்.

திரும்பி வரும்போது காரில் நண்பர் பேசவே இல்லை. அந்த வில்லங்கச் சான்றிதழை நான் மறுபடி ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். யார் யாருக்கு விற்றார், எந்த பேங்க்கில் அடமானம் வைத்தார், எப்போது மீட்டார் என்று 30 வருடத்து மனிதர்களின் கொடுக்கல் வாங்கல் முழுக்க இருந்தது. அந்த நிலத்தின் மேல் ஏரிக்கும் ஆற்றுக்கும் இருக்கும் பாத்தியதை ஒரு வரிகூட இல்லை. இருக்காது. தண்ணீர் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸுக்கு வந்து கையெழுத்துப் போடாது. அதன் பாத்தியதை பதிவாகியிருக்கும் ஒரே இடம், தேதியோடு ஓரத்தில் கிடக்கும் அந்தப் பழைய மேப்தான்.

நண்பர் அந்த மனையை வாங்கவில்லை. வேறு இடத்தில், கொஞ்சம் சின்னதாக, மேட்டில் வாங்கினார்.

போன பொங்கலுக்கு அந்த வழியாகப் போக நேர்ந்தது. அதே மனையில் வீடு வந்துவிட்டது. மஞ்சள் பெயின்ட், மாடியில் தண்ணீர்த் தொட்டி, வாசலில் பெரிய கோலம். ஒரு குழந்தை கரும்பைக் கடித்துக்கொண்டு, அந்தச் சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் மேல் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரரிடமும் எல்லாப் பத்திரமும் இருக்கும். 30 வருடத்துக்கு வில்லங்கம் இல்லை என்ற சான்றிதழும் பீரோவில் பத்திரமாக இருக்கும்.